ஓரகத்தியின் கரை

கல்லேரிப்பாக்கத்தில் கங்கையம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள். கொஞ்சம் வாய் அதிகம். இதெல்லாம் தெரியாதவர்களுக்கும்கூட ஒன்று மட்டும் தெரியும்: அவளுக்குத் தன் ஓரகத்தி ரத்தினத்தைக் கண்டால் ஆகாது. அதை அவள் மறைத்ததும் இல்லை. பால் அளந்துகொண்டே, "மேல வூட்டுக்காரி புதுசா ஏசி மாட்டிகீறா, பாத்தியா?" என்று பேச்சைத் தொடங்குவாள். வாங்க வந்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

ஊர் தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டி, அவுட்டர் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம். கிழக்கே ஏரி, மேற்கே கல்குவாரி. கங்கையம்மாள் மணிமங்கலத்திலிருந்து தயாளனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபோது, அந்த வீட்டில் தயாளனின் அண்ணன் சம்பந்தத்தின் மனைவியாக ரத்தினம் ஏற்கெனவே இருந்தாள். ரத்தினம் குரோம்பேட்டைப் பெண். ப்ளஸ் டூ முடித்தவள். வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் மாமனார், "ரத்தினம், இத படிம்மா" என்பார். கங்கைக்கும் படிக்கத் தெரியும். அவளிடம் யாரும் நீட்டவில்லை.

ரத்தினம் கெட்டவளாக இருந்திருந்தால் கங்கைக்குச் சுலபமாகப் போயிருக்கும். அவள் சண்டைக்கே வரமாட்டாள். இவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தால், அவள் அதை எடுத்துக் கழுவி வைப்பாள். இவள் தலைவலி என்று படுத்தால், அவள் காபி கொண்டுவந்து தருவாள். அந்தக் காபியும் நன்றாக இருக்கும். அதைக் குடித்துவிட்டு கங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மாமனார் போன பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். இரண்டு துண்டு. ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை ஒன்று, குவாரி ஓரமாக இருந்த கரடு இன்னொன்று. கரட்டில் வேலிக்காத்தான் தவிர எதுவும் முளைக்காது. சீட்டு எழுதிப் போடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னபோது, கங்கை எழுந்து நின்றாள். "சீட்டெல்லாம் வாணாம். மூத்தவங்களுக்குக் குரோம்பேட்டையில மாமியார் வூடு கீது. எங்களுக்கு இன்னா கீது? நஞ்சய எங்களுக்குக் குடுங்க" என்றாள்.

தயாளன் தலையைக் குனிந்துகொண்டார். ரத்தினம்தான் முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்துப் பேசினாள். "எடுத்துக்கட்டும், மாமா. கங்கா சின்னவ. எங்களுக்கு அந்தக் கரடே போதும்."

அன்று சாயந்திரம் கங்கை வெற்றி பெற்றவளாக வீட்டுக்கு வந்தாள். அந்த வெற்றி சில வருஷம்தான் தாங்கியது.

ஏரிக்குக் கீழே இருந்த நிலத்தில் பெருமழை வந்தால் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். வெள்ளம் வந்த வருஷத்துக்குப் பிறகு அங்கே மனை போட அப்ரூவல் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். விவசாயத்துக்கும் ஆள் இல்லை. மாடு மேய்வதற்கு மட்டும் ஆனது. கரட்டு நிலத்தைத் தேடி ஒரு கம்பெனி வந்தது. குவாரியில் கல்லை உடைத்து எம்-சாண்ட் கழுவுகிற கம்பெனி. மணலைக் கழுவினால் வெள்ளைச் சேறு மிஞ்சுகிறது. அந்தச் சேற்றைத் தேக்கி வைக்க இடம் வேண்டும். எதுவும் முளைக்காத நிலம்தான் அவர்களுக்குத் தோதாக இருந்தது. நிலம் ரத்தினத்தின் பெயரில்தான் இருந்தது; அவளோடு குத்தகை எழுதினார்கள்.

அதற்குப் பிறகு ரத்தினத்தின் ஓட்டு வீடு மாடி வீடானது. பெண் பல் டாக்டருக்குப் படித்தாள். வாசலில் வெள்ளைக் கார் வந்து நின்றது. சர்க்கரை வியாதியில் சம்பந்தத்துக்குக் கால் விரலை எடுத்தபோது, பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். அந்தத் தனி அறையைக்கூட கங்கையால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பார்க்கப் போனவள் அங்கிருந்த சோபாவைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். "நோவு வந்தாலும் அவங்களுக்கு சொகுசாத்தான் வருது" என்று தயாளனிடம் சொன்னாள்.

"வாய மூடு, கங்கா" என்றார் அவர். அவர் வேறு எதுவும் சொல்வதில்லை.

கம்பெனிக்காரர்கள் கரட்டு நிலத்தைச் சுற்றி மண்ணாலேயே கரை எழுப்பினார்கள். குவாரியின் மேல்மண்ணையும் கல்தூசியையும் கொட்டி, ஜேசிபியால் தட்டி விட்டார்கள். உள்ளே குழாய் வழியாகச் சேறு வந்து விழும். மேலே பால் போல வெள்ளைத் தண்ணீர் நிற்கும். ஊரில் அதற்குப் பால்குட்டை என்று பேர் வைத்துவிட்டார்கள். குட்டை நிரம்ப நிரம்ப, கரையின் மேல் இன்னொரு கரை போட்டு உயர்த்தினார்கள். மேலே போட்ட கரை பாதி பழைய கரையின் மீதும், பாதி காய்ந்த சேற்றின் மீதும் உட்கார்ந்திருந்தது. இப்படி ஒவ்வொரு கோடையிலும் உயர்ந்து, கடைசியில் கரை தென்னை மர உயரம் வந்துவிட்டது. உச்சியில் டிப்பர் லாரி போகும்.

கரைக்கு நேர் கீழே அந்தோணியார் கோயில் தெரு. ஒரே வரிசையில் சின்னச் சின்ன வீடுகள். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் துணி தைக்கப் போகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள். ஏஞ்சல் கடைசி வீடு. கங்கையிடம் பால் வாங்குகிறவள். அந்த வீட்டுப் பின்சுவருக்கும் கரையின் அடிக்கும் நடுவில் ஒரு புல் திட்டு இருந்தது. கங்கை தன் மாடுகளை அங்கேதான் கொண்டுபோய் விடுவாள்.

தன் நஞ்சையில் புல் இருந்தும் எதற்கு அங்கே வரை போகிறாள் என்று தயாளன் ஒருமுறை கேட்டார். "அந்தப் புல்லுதான் ருசின்னு மாடு போவுது" என்றாள். உண்மை அதுவல்ல. அங்கே நின்றால் கரை முழுவதும் தெரியும். குழாயில் சேறு விழுவது கேட்கும். எத்தனை லாரி போகிறது, புதிதாக எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். மனசுக்குள் எரியும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியாது. எரிகிற புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல அங்கே போய் நின்றாள்.

மனுவும் கொடுத்தாள். முதலில் தூசி என்று. பிறகு லாரிச் சத்தம். அதற்குப் பிறகு, மாட்டுப் பால் வற்றிவிட்டது என்று. அதிகாரிகள் வருவார்கள். ரத்தினம் அவர்களுக்கு மோர் கொடுப்பாள். கம்பெனி மேனேஜர் ஜெபகுமார் கூடவே நடந்து காட்டுவார். ஒருமுறை வந்த அதிகாரி கரை அடியில் ஓர் ஈரத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"எந்த மண்கரையும் கொஞ்சம் கசியும் சார்" என்றார் ஜெபகுமார். "தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்ல. கலங்கி வந்தாத்தான் பிரச்சினை. அப்ப கரையோட மண்ணும் சேர்ந்து வருதுன்னு அர்த்தம்."

மாட்டைப் பிடித்தபடி நின்றிருந்த கங்கை அதைக் காதில் போட்டுக்கொண்டாள். அதிகாரி போன பிறகு ஊரே சிரித்தது. கங்காவுக்கு வயிற்றெரிச்சல், அதற்கு மனு எழுதுகிறாள் என்றார்கள். அது ரத்தினத்தின் காதுக்கும் போயிருக்கும். அவள் மறுநாளும் வழக்கம்போல, "கங்கா, பொண்ணு வந்திருக்கா, கொஞ்சம் பால் அதிகமா குடு" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே மழை தொடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் கங்கையின் செவலை மாடு, எப்போதும் கெட்டியாக இருக்கும் இடத்தில் முழங்கால் வரை புதைந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்து மேலே ஏற்றினாள். குனிந்து பார்த்தாள். கரையின் அடியில், ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு நிலம் ஊறியிருந்தது. நடுவில் நூல் மாதிரி தண்ணீர். தெளிந்த தண்ணீர்தான்.

அவளுக்கு முதலில் தோன்றியது பயம் அல்ல. சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தாள். ஈரம் அகன்றிருந்தது. அடுத்த வாரம் இன்னும் அகன்றிருந்தது. ஓரிடத்தில் தண்ணீர் கொப்பளித்து, சுற்றிலும் மெல்லிய மணல் வட்டம் கட்டியிருந்தது, பணியாரக் குழி மாதிரி. ஒரு சாயந்திரம் மேய்ந்துகொண்டே மேலே ஏறிப் போன கன்றைத் தேடிக் கரை உச்சிக்குப் போனாள். லாரித் தடத்தின் ஓரமாக நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடியது. கையை விட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வரை போனது.

அந்த நாட்களில் அவள் நன்றாகத் தூங்கினாள் என்று தயாளன் பிற்பாடு சொன்னார். பால் ஊற்றுகிற இடத்தில் மேல வீட்டுக்காரி பேச்சையே எடுக்கவில்லை. அவள் மனசுக்குள் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கரை ஒருநாள் சரியும். கம்பெனி மூட்டை கட்டும். வெள்ளைக் காரை யாரோ ஓட்டிக்கொண்டு போவார்கள். ரத்தினம் தெருவில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவாள். அப்போது இவள், "இன்னாக்கா, ஆட்டோ கெடைக்கலியா?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைத் தனக்குத்தானே பல விதமாகக் கேட்டுப் பார்த்துக்கொண்டாள். சரிகிற கரை எங்கே போய் விழும் என்பது மட்டும் அந்தப் படத்தில் வரவில்லை.

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். ஒருநாள் காலையில் பால் ஊற்றப் போனபோது ஏஞ்சல் வாசலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். காலைச் சுற்றி அவளுடைய பெண் குழந்தை ஓடிக்கொண்டிருந்தது.

"கங்காம்மா, இங்க வந்து பாருங்களேன். பின்னாடி செவுத்து ஓரமா வெள்ளத் தண்ணி வருது. சுண்ணாம்பு கரைச்ச மாதிரி. எத்தன தடவ தள்ளினாலும் வந்துகினே இருக்கு."

கங்கை பால் கேனைக் கீழே வைத்தாள். பின்பக்கம் போய்ப் பார்த்தாள். நூல் மாதிரி இருந்த தண்ணீர் இப்போது கை மொத்தத்துக்கு வந்துகொண்டிருந்தது. வெள்ளையாக, குழம்பு போல. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்று மண். அவள் நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி ஏஞ்சலின் பின்சுவரைப் பார்த்தாள். கொடியில் குழந்தையின் யூனிஃபார்ம் தொங்கியது. அதற்கு அடுத்த வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாளும் இந்தத் திட்டில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவள், முதல் தடவையாகக் கீழே பார்த்தாள்.

ஓடினாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு, சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு கம்பெனி ஆபீசுக்குப் போனாள்.

ஜெபகுமார் போனில் இருந்தார். இவளைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "வாங்கம்மா. தூசு, சத்தம், மாடு எல்லாம் ஆச்சு. இன்னைக்கு என்ன?"

"கரைக்கு அடியில கலங்கி வருது சார். கை மொத்தத்துக்கு வருது. மேல வெடிச்சிகினு கீது. நீதான சொன்ன, கலங்கி வந்தா பேஜாருன்னு?"

"மழ பெய்யுதும்மா. எல்லாத் தண்ணியும் கலங்கித்தான் வரும்."

"மழத்தண்ணி செவப்பா வரும் சார். இது வெள்ளையா வருது. வந்து பாரு சார், ரெண்டு நிமிஷம்."

"மழ விடட்டும், பார்க்கிறேன்" என்றார் அவர். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவளிடமிருந்து இதுபோல எத்தனையோ கேட்டாகிவிட்டது. அவள் வாயிலிருந்து வந்ததாலேயே அது பொய்யாகிவிட்டது.

வெளியே வந்து தயாளனுக்குப் போன் செய்தாள். "ஆரம்பிச்சிட்டியா?" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

இனி ஒரே ஓர் ஆள்தான். நிலத்துக்குச் சொந்தக்காரி. அவள் சொன்னால் கம்பெனி கேட்டே ஆக வேண்டும். கிரகப்பிரவேசத்தன்று போனதோடு சரி, கங்கை அந்த மாடி வீட்டுப் படியை மிதித்ததில்லை. அந்தப் படிகளுக்கு முன்னால் வந்து, செருப்பில்லாத, சேறு பூசிய காலோடு நின்றாள். பளபளவென்று கறுப்புக் கல் பதித்த படி. அந்த நேரத்திலும் அவளுக்கு, இது எந்த ஊர்க் கல்லோ என்று தோன்றியதாம். பிறகு ஏறினாள்.

ரத்தினம் கூடத்தில் சம்பந்தத்துக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தரையில் இவள் கால் தடம் வரிசையாக விழுந்தது.

"கங்கா? என்னாச்சு?"

"அக்கா, உன் கரை ஒடையப் போவுது."

சொன்ன விதம் சாபம் போலத்தான் இருந்தது. அவளுக்கே அது கேட்டது. "சத்தியமாக்கா. வயித்தெரிச்சல்ல சொல்லல. பொரட்டாசியிலேருந்து கசிஞ்சிகினு கீது. நான் தெனம் பாத்துகினுதான் வரேன். இன்னிக்குக் கலங்கி வருது. உச்சியில வெடிச்சிகிச்சு. ஏஞ்சல் வூட்டுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு."

ரத்தினம் ஒரு கணம் அவளையே பார்த்தாள். கையில் இருந்த இட்லித் துண்டைத் தட்டில் வைத்தாள். "வா" என்று சொல்லிக் கார்ச் சாவியை எடுத்தாள்.

காரில் போகும்போது கங்கையால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "நெசமான்னு நீ கேக்கவே இல்லியே?"

"அந்தக் கரைய உன்ன மாதிரி யாரு பாத்திருக்கா?" என்றாள் ரத்தினம், ரோட்டைப் பார்த்தபடி. "மாடில நின்னா நீ அங்க நிக்கிறது தெரியும். எத்தன வருஷமா நிக்கிற. எனக்கு வாடகை வர்ற தேதிதான் தெரியும், கரை எப்படி இருக்குன்னு தெரியாது. உனக்குத்தான் தெரியும்."

இது பாராட்டா, குத்தலா என்று கங்கைக்குப் புரியவில்லை. ரத்தினம் பேசினால் எப்போதும் அப்படித்தான்.

ரத்தினம் கரை உச்சியில் ஏறி விரிசலைப் பார்த்தாள். அது இப்போது கால் நுழையும் அளவுக்கு இருந்தது. குட்டைத் தண்ணீர் கரை விளிம்புக்கு ஒரு முழம் கீழே தளும்பியது. அதிகத் தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்த குழாய் சேற்றில் அடைத்துக் கிடந்தது. தூரத்தில் ஒரு லாரி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ரத்தினம் இறங்கி ஓடிப்போய்க் காரை எடுத்து, கரைக்கு ஏறுகிற பாதையில் குறுக்கே நிறுத்தினாள். லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அவள் கார்ச் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஜெபகுமாருக்குப் போன் செய்தாள்.

"பம்ப்ப நிறுத்துங்க. இப்பவே. நெலம் என்னுது. நிறுத்தலன்னா போலீஸ்ல நான் கம்ப்ளெயின்ட் குடுப்பேன், கங்கா இல்ல, நான். ஃபயர் சர்வீஸுக்கும் சொல்லியாச்சு." போனைக் கையால் பொத்திக்கொண்டு கங்கையிடம், "நீ தெருவுக்குப் போ. எல்லாரையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

கங்கை தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். "வெளிய வாங்க! கரை ஒடையுது!" சிலர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். "இந்தம்மாக்கு இதே வேலையாப் போச்சு" என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். ஏஞ்சல்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் வெளியே வந்தாள். "என் வூட்டுக்குப் பின்னாடி வந்து பாருங்க, அப்பறம் பேசுங்க" என்று கத்தினாள். இரண்டு பேர் போய்ப் பார்த்தார்கள். ஓட்டமாகத் திரும்பி வந்து, வீட்டிலிருந்த கிழவரைத் தூக்கினார்கள். அதைப் பார்த்ததும் தெரு கிளம்பிவிட்டது. கேஸ் சிலிண்டரை எடுக்கப் போனவரை கங்கை சட்டையைப் பிடித்து இழுத்தாள். நாய் ஒன்று கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு வர மறுத்தது. அதையும் இழுத்து வந்தாள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரை போனது. பெரிய இடிச் சத்தமெல்லாம் இல்லை. ஈரப் போர்வையைத் துவைகல்லில் அறைந்தாற்போல ஒரு சத்தம். அடுத்தாற்போல வெள்ளைச் சேறு, ஒரு சுவர் நகர்ந்து வருவதைப் போல, மெதுவாகத்தான் வருகிறது என்று நினைப்பதற்குள் தெருவுக்குள் இருந்தது. பின்சுவர்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. பைக்குகள் புரண்டன. ஏஞ்சலின் வீடு கூரையோடு உட்கார்ந்துவிட்டது. தெருவில் மனிதர் யாரும் இல்லை.

தெருக்காரர்களோடு மாடி வீட்டுப் பக்கத்து மேட்டில் நின்றிருந்த கங்கை, அங்கே வந்து சேர்ந்திருந்த ரத்தினத்தின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். ரத்தினம் விரல் விட்டுக் குழந்தைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சேறு அதோடு நிற்காமல் தெருவைக் கடந்து, சரிவில் இறங்கி, ஏரிக்குக் கீழே போய்த் தேங்கியது. தயாளனின் நஞ்சை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. சீட்டுப் போடாமல் கேட்டு வாங்கிய நிலம்.

சாயந்திரத்துக்குள் டிவிக்காரர்கள் வந்தார்கள். பாதையின் குறுக்கே நின்ற வெள்ளைக் கார் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பின்னால் உடைந்த கரை, முன்னால் கார், பக்கத்தில் நனைந்த புடவையோடு ரத்தினம். நன்றாகத்தான் இருந்தது. ரத்தினம் மைக்கில், "முதல்ல பார்த்தது இவங்கதான், கங்கா, என் தங்கச்சி மாதிரி" என்று சொல்லி இவள் கையைப் பிடித்து இழுத்தாள். கங்கை முந்தானையைச் சரிசெய்துகொண்டு காமிராவைப் பார்த்தாள். இரவு செய்தியில் அந்தத் துண்டு வரவில்லை. 'காரைக் குறுக்கே நிறுத்தித் தெருவைக் காத்த பெண்' என்று கீழே ஓடியது. கங்கையின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. தயாளனின் போனில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள்.

"இந்தக் கை என்னுதுய்யா" என்றாள்.

"தெரியுது" என்றார் அவர்.

ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. கங்கா தினமும் நின்று நின்று பார்த்த கண்ணுதான் கரையைச் சாய்த்தது என்றார்கள். தெருவைக் காப்பாற்றிய பேர் ரத்தினத்துக்கும், கரையை உடைத்த பேர் இவளுக்கும் ஆனது. இது என்ன நியாயம் என்று யாரிடம் கேட்பாள்?

விசாரணைக்கு ஒரு குழு வந்தது. அதில் சத்யபிரியா என்று ஓர் இன்ஜினியர், முப்பத்தைந்து வயது இருக்கும், தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த கரையை எல்லாப் பக்கமும் சுற்றிப் பார்த்தாள். காய்ந்த சேற்றின் மேலேயே கரையை உயர்த்தினார்கள், வெளியேற்றுக் குழாயைப் பராமரிக்கவில்லை, வருஷா வருஷம் கரையைச் சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்கவில்லை என்று அவள் எல்லோருக்கும் புரிகிற மாதிரிச் சொன்னாள். பிறகு கங்கையைக் கூப்பிட்டாள். பக்கத்தில் ரத்தினமும் ஜெபகுமாரும் நின்றிருந்தார்கள்.

"கசிவை நீங்கதான் முதல்ல பார்த்தீங்களாமே. எப்போலேருந்தும்மா?"

கங்கை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு நேராக ஏஞ்சல் இடிபாட்டில் எதையோ கிளறித் தேடிக்கொண்டிருந்தாள். "அன்னிக்குதாம்மா" என்றாள். "அன்னிக்குக் காலையிலதான் பாத்தேன்."

சொல்லிவிட்டு ரத்தினத்தைப் பார்க்காமல் இருக்கத்தான் முயன்றாள். முடியவில்லை. புரட்டாசியிலிருந்து என்று தன் கூடத்தில் நின்று இவள் சொன்னதைக் கேட்டவள் அவள். ரத்தினம் கண்ணை எடுக்காமல் இவளைப் பார்த்தாள். பிறகு இன்ஜினியரிடம், "ஆமா மேடம், பார்த்த உடனே எங்கிட்டதான் ஓடி வந்தா. செருப்புகூட இல்லாம" என்றாள்.

அதை ரத்தினம் அதற்குப் பிறகு ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. தனியாக இருந்தபோதுகூடக் கேட்கவில்லை. அதுதான் கங்கையைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். காட்டிக் கொடுத்திருந்தால் ஆயுசுக்கும் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். நல்லவளாக இருப்பதிலும் அவளே முந்திக்கொண்டாள். ஒருநாள் பால் கறக்கும்போது இதை நினைத்து, மாட்டின் விலாவிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். ரத்தினத்துக்கு வாடகை நின்றது. வெள்ளைக் கார் போனது. கேஸ், ஆபீஸ் என்று அவள் பஸ்ஸில் அலைந்தாள். ஒருநாள் கையில் பையோடு தெருவில் நடந்து வந்தாள். கங்கை வாசலில்தான் நின்றிருந்தாள். எத்தனையோ விதமாகக் கேட்டுப் பழகிய கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. "வெயில்ல வரியே, மோர் குடிக்கிறியாக்கா?" என்றுதான் வெளியே வந்தது. ரத்தினம் குடித்தாள். "நல்லா இருக்கு" என்றாள். கங்கைக்கு அதில் எவ்வளவு சந்தோஷம், எவ்வளவு எரிச்சல் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தோணியார் கோயில் தெருக்காரர்களுக்குப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு ஒதுக்கினார்கள். ஏஞ்சல் போக மனசில்லாமல்தான் போனாள். அங்கிருந்து மெப்ஸுக்கு வேலைக்கு வருவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பாள். மறு வருஷம் தன் பெண்ணுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிறாள் என்று ஓரகத்திகள் இரண்டு பேரையும் அழைத்தாள். இருவரும் ஒன்றாகவே பஸ் ஏறினார்கள். மேடவாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ. அங்கே லிஃப்ட் ஓடவில்லை. ஆறாவது மாடி. ரத்தினம் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள். மாடு மேய்த்த கால் என்பதால் கங்கை முன்னால் போனாள்.

ஏஞ்சல் படிக்கட்டுக்கே ஓடி வந்தாள். கங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவங்கதான் கங்காம்மா! நான் சொல்லுவேனே, எங்க தெருவையே கதவு தட்டி வெளிய இழுத்தாங்கன்னு, அது இவங்கதான்" என்றாள். யார் யாரோ வந்து கும்பிட்டார்கள். வெள்ளை கவுனும் தலையில் பூக்கிரீடமுமாக உட்கார்ந்திருந்த குழந்தையின் பக்கத்தில் நாற்காலி போட்டு கங்கையை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பிரியாணித் தட்டு முதலில் அவளிடம்தான் வந்தது.

தட்டை வாங்கிக்கொண்டு கங்கை வாசல் பக்கம் பார்த்தாள். ரத்தினம் கதவோரத்தில், பரிசுப் பெட்டியை இரு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தாள். அங்கே அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஒரு பையன், "கொஞ்சம் வழி விடுங்க ஆன்ட்டி" என்று அவளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் கேனோடு உள்ளே போனான். அவள் முகத்தில் வழக்கமான சிரிப்பு இருந்தது. ஆனால் முந்தானையை ஒருமுறை சரிசெய்தவள், சரியாக இருந்ததையே மறுபடியும் சரிசெய்தாள். பார்வை ஒரு நொடி கங்கையின் நாற்காலி மேல் நின்று, வேறு பக்கம் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோர சீட் கங்கைக்குக் கிடைத்தது. ரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, ஒரு மாதிரியா கீற?"

"ஒண்ணுமில்ல. படி ஏறினது. கால் வலிக்குது."

கங்கை கீழ்க்கட்டளைப் பக்கம் போகிற வண்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அது கால் வலியாக மட்டும் இருந்துவிடக் கூடாதே என்றுதான் அவளுக்கு இருந்தது.